நைலில் பிறந்த மின்சாரம் அடுப்படி வரை வருமா?

2025 செப்டம்பர் 9 அன்று, நீல நைல் ஆற்றின் குறுக்கே கட்டிய பேரணையை எத்தியோப்பியா திறந்து வைத்தது. 5,150 மெகாவாட் திறன் கொண்ட அது, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நீர்மின் நிலையம். ஆனால் அந்த நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் இன்னும் மின் இணைப்பு இல்லை.

சாலை, ரயில், மின்சாரம் என்று பெரும் பணத்தைப் போட்டால் ஒரு ஏழை நாடு எழுந்து நிற்குமா? எத்தியோப்பியாவின் கடந்த இருபது ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு நல்ல பாடம்.

மக்கள் பணத்தில் எழுந்த அணை

2011 ஏப்ரலில் அன்றைய பிரதமர் மெலஸ் செனாவி அணைக்கு அடிக்கல் நாட்டினார். நைல் நீரையே நம்பியிருக்கும் எகிப்து எதிர்த்ததால், வெளிநாட்டுக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. அரசு ஊழியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள். சாதாரண மக்கள் கடன் பத்திரம் வாங்கினார்கள். சுமார் 500 கோடி டாலர் செலவில், பெரும்பகுதி உள்நாட்டுப் பணத்திலேயே அணை எழுந்தது.

அந்தக் காலத்தில் நாடும் வளர்ந்தது. 2004 தொடங்கி பதினைந்து ஆண்டுகள் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதத்தை ஒட்டி வளர்ந்தது. 2000இல் 45 சதவீதமாக இருந்த வறுமை, 2016இல் 24 சதவீதமாகக் குறைந்தது. சாலைகளிலும் மின் திட்டங்களிலும் அரசு போட்ட முதலீடு இந்த வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். ஆகவே, இத்தகைய முதலீடு வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசிக் கம்பி

ஆனால் அணையில் சுழலும் டர்பைன் தானாக யாருடைய வருமானத்தையும் கூட்டிவிடாது. அந்த மின்சாரம் 500 கிலோவோல்ட் உயரழுத்தப் பாதையில் பல நூறு கிலோமீட்டர் கடந்து, துணைமின் நிலையம், டிரான்ஸ்பார்மர், தெருக்கம்பம் என்று இறங்கி வர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் கிராமம் இருட்டில்தான்.

எத்தியோப்பியர்களின் அன்றாட உணவான இஞ்செராவையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் அதைச் சுடுவது விறகடுப்பில். மின்சார இஞ்செரா அடுப்பு ஒன்று மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு பல்பு எரிய மட்டும் போடப்பட்ட இணைப்பு அதைத் தாங்காது. பெண்கள் விறகு சுமப்பது நிற்க வேண்டுமானால், ஊர் டிரான்ஸ்பார்மர் அதற்கேற்ற திறனோடு இருக்க வேண்டும். மாவு மில்லுக்கும் பாசன பம்புக்கும் இதே கதைதான்.

மின்விநியோகம் விரியும்வரை, மின்சாரத்தின் ஒரு பகுதி சூடான், ஜிபூட்டி, கென்யா நாடுகளுக்கும், உள்நாட்டில் பிட்காயின் நிறுவனங்களுக்கும் விற்கப்படுகிறது. டாலர் வருகிறது என்பது உண்மை. ஆனால் கானா நாட்டின் அனுபவத்தை மறந்துவிடக் கூடாது. 1960களில் வோல்டா ஆற்றில் எழுந்த அகோசொம்போ அணைக்காகச் சுமார் 80,000 பேர் ஊரை விட்டுப் பெயர்ந்தார்கள். மின்சாரத்தின் பெரும்பங்கு மலிவு விலையில் தெமா நகரின் அலுமினிய ஆலைக்குப் போனது. அந்த ஆலையோ கானாவின் பாக்சைட்டை விட்டுவிட்டு, மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. ஆலை ஓடியும், அதைச் சுற்றி எதிர்பார்த்த தொழில்கள் முளைக்கவில்லை.

கடன் டாலரில், வரவு பிர்ரில்

இரண்டாவது சிக்கல் கடன். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டி துறைமுகத்துக்குச் சுமார் 750 கிலோமீட்டர் மின்ரயில் பாதை, பெருமளவு சீனக் கடனில் அமைந்தது. லாரியில் மூன்று நாள் பிடித்த பயணம் ரயிலில் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைந்தது. ஆனாலும் தவணை கட்ட முடியாமல், பத்தாண்டுக் கடனை முப்பதாண்டாக நீட்டிக்க 2018இல் சீனாவிடம் பேச வேண்டியிருந்தது. உள்நாட்டு வருமானம் பிர்ர் நாணயத்தில் வருகிறது. கடனை டாலரில் அடைக்க வேண்டும். இடைவெளியை நிரப்ப ஏற்றுமதி வளர வேண்டும்.

அதற்காகத்தான் 2016இல் ஹவாசா ஆடைத் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் 2020இல் நாட்டின் டிக்ரே பகுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதன் விளைவாக, 2022 ஜனவரியில் எத்தியோப்பிய ஏற்றுமதிக்குத் தந்த வரிச்சலுகையை அமெரிக்கா திரும்பப் பெற்றது. மின்சாரமும் சாலையும் அப்படியே இருந்தன. ஆர்டர்கள் போயின, அவற்றோடு வேலைகளும். 2023 டிசம்பரில் 3.3 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் நாடு கடன் தவறியது. 2024 ஜூலையில் பிர்ரின் மதிப்பைச் சந்தையிடம் விட்டதும், சில மாதங்களிலேயே அது பாதியாகச் சரிந்தது.

ஆக, விடை என்ன?

முதலீடு ஒரு நாட்டை மாற்றும். எத்தியோப்பியாவின் வறுமைக் கணக்கே சாட்சி. ஆனால் அணைக்குக் காட்டிய அதே முனைப்பைத் தெருக்கம்பத்துக்கும் காட்ட வேண்டும். கடன் எந்த நாணயத்தில் திரும்பும் என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டில் அமைதி வேண்டும்.

இனி ஆண்டுதோறும் எத்தனை வீடுகளுக்கு, எத்தனை மாவு மில்களுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது என்று கணக்குக் கேட்க எத்தியோப்பிய மக்களுக்கு முழு உரிமை உண்டு. அணைக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தாம்.