மூச்சுக்கு ஒரு கோணல் வழி

“ஐயா, ஏசி 22-இல் ஓடுகிறது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. கொட்டாவியும் மைக்கில் பதிவாகிவிடுகிறது” என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். மாடியறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றி, ஒலிநூல்களுக்குக் குரல் கொடுக்கிறவர். இரட்டைச் சுவர், இரட்டைக் கதவு, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. அம்மா வெளியே நின்று சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் கேட்காதாம். அதைப் பெருமையாகத்தான் சொல்லியிருந்தார். ஏசியில் ஏதாவது கோளாறு இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

ஏசியில் கோளாறில்லை. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்து, குளிரவைத்து, ஈரத்தை வடித்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே போவது செம்புக் குழாயும் மின்கம்பியும்தான். காற்று போவதில்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இருபது வருடமாக ஏசி அறையில் தூங்குகிற என் மைத்துனர், “அப்புறம் மொட்டை மாடியில எதுக்கு அவ்வளவு பெரிய ஃபேன்?” என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். அது வெப்பத்தை வெளியே தள்ளுகிற ஃபேன் என்று சொல்லியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை.

ஒலி புகாத அறை என்றால் காற்றும் புகாத அறை. 10-க்கு 8 அடி, 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய 20,000 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் ஒரு மணி நேரத்தில் வெளிவிடுவது சுமார் 18 லிட்டர் கரியமில வாயு. இரண்டு பேர் என்றால் 36. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு என்று இருக்கிற அந்த வாயு, இரண்டு பேர் உள்ளே இருந்தால், கதவைச் சாத்திய ஒரு மணி நேரத்தில் 2,000-ஐத் தாண்டிவிடும். 1858-இலேயே மியூனிக் நகரத்து மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர், அறைக்காற்று கெட்டுவிட்டது என்பதற்கு 1,000 பங்கை எல்லையாக வைத்தார். 2,000 விஷம் இல்லை. ஆனால் கண் சொக்கும், நாக்கு குழறும், நான்காவது டேக்கும் சரியாக வராது.

அப்படியானால் சுவரில் ஓர் ஓட்டை போட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் வினை. 50 டெசிபெல் தடுக்கிற சுவர் என்று லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிறீர்கள். அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை விழுந்தால், மிஞ்சுவது 20 டெசிபெல் தடுப்புதான். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது நான்கு அங்குலக் குழாய் நுழைகிற அளவு இருந்தாலே 30-க்கு இறங்கிவிடும். காற்று வர வேண்டும், அதே வாசல் வழியாக ஆட்டோ ஹாரன் வரக்கூடாது. இது ஆகிற காரியமா?

ஆகும். காற்று போகிற விதமும் ஒலி போகிற விதமும் வேறு வேறு. நெரிசலான டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் ஒருவர் முண்டினால், அந்தத் தள்ளல் டிரைவர் சீட் வரைக்கும் போய்ச் சேரும். ஆட்கள் யாரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள். ஒலி அந்தத் தள்ளல். நொடிக்கு 340 மீட்டர் ஓடுகிறது. காற்றோட்டம் என்பது ஆட்களே ஒவ்வொருவராக இறங்கிப் போவது. இறங்குகிறவருக்கு வழி கோணலாக இருந்தால் பரவாயில்லை, வளைந்து நெளிந்து போய்விடுவார். தள்ளலுக்குக் கோணல் ஆகாது.

இதை நம்பிச் செய்கிற எளிய சாதனம் ஒரு மரப்பெட்டி. சாலிகிராமத்தில் நண்பர் ஒருவரின் ஸ்டுடியோவில், கூரையை ஒட்டி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. நான்கடி நீளம், இரண்டடி அகலம். 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு, மூட்டுகளில் சிலிக்கோன் பூச்சு. உள்ளே மூன்று தடுப்புகள்: ஒன்று இடப்பக்கம் ஒட்டி, அடுத்தது வலப்பக்கம் ஒட்டி, மறுபடி இடம். எல்லாப் பரப்பிலும் இரண்டு அங்குல ராக்வூல் பஞ்சு, அதன் நார் உதிராமல் இருக்கக் கறுப்புத் துணி. ஆச்சாரி மூடியைப் போடுவதற்கு முன் பார்த்தேன், எலி வளையை வெட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

கீச்சுக் குரல், ஹாரன் போன்ற உச்ச ஒலிகள் வெளிச்சம் மாதிரி நேராக ஓடும். முதல் வளைவிலேயே ராக்வூலில் முட்டி, நார்களுக்கு இடையே உராய்ந்து, கை உணர முடியாத துளி வெப்பமாகக் கரைந்துவிடும். லாரி உறுமல் அப்படியில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை மட்டும் 3.4 மீட்டர் நீளம். இரண்டு அங்குலப் பஞ்சை அது பொருட்படுத்தாது. அதை மடக்குவது பெட்டியின் கனமும், குறுகிய குழாயிலிருந்து அகலமான பெட்டிக்குள் திடீரென்று விழுகிற அந்த மாற்றமும். அகலம் சட்டென்று மாறுகிற இடத்தில் ஒலியின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். என் சித்தப்பாவின் புல்லட்டில் சைலன்ஸர் செய்ததும் இதே வேலைதான். அதைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் மாட்டிக்கொண்டு தெருவை எழுப்புகிற பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் கட்டுரை முடியாது.

காற்று தானும் சத்தம் போடும். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று இரண்டு பேருக்கு 20 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால், கரியமில வாயு 1,000-க்குள் அடங்கி நிற்கும். அதை நான்கு அங்குலக் குழாயில் அனுப்பினால் நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகம், சீறும். ஆறு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் சொச்சம். நண்பரின் பெட்டிக்குள் அரை மீட்டர்கூட இல்லை. நாம் நடக்கிற வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. காற்றைத் தள்ளுகிற ஃபேனும் அப்படித்தான். அதே ஃபேனைப் பாதி வேகத்தில் சுற்றவிட்டால் காற்று பாதியாகும், சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். அதனால் தேவைக்கு இரண்டு பங்கு பெரிய இன்லைன் ஃபேன் வாங்கி, பெட்டிக்கு வெளிப்பக்கம், அறையிலிருந்து தள்ளி, ரப்பரில் தொங்கவிட்டு, சோம்பலாக ஓட்டுங்கள். கண்ட ரெகுலேட்டரைப் போட்டால் மோட்டார் முனகும், மைக் ஒயரிலும் அந்த இரைச்சல் ஏறும். வேகத்தைத் தன்னுள்ளேயே குறைத்துக்கொள்கிற இசி மோட்டார் ஃபேன் விலை கூடுதல்தான், ஆனால் முனகாது.

பெட்டி ஏன் இரண்டு? மளிகைக்கடை அண்ணாச்சி எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஆணியால் எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவார், பார்த்திருப்பீர்கள். ஒன்றே ஒன்று போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறும். அறையும் எண்ணெய் டின்தான். பழைய காற்றுக்கு வழி விடாமல் புதுக்காற்றை எவ்வளவு தள்ளினாலும் உள்ளே வராது. வரும் வாசலை ஏசி காற்றை இழுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நம் கடலோர ஊர்களின் புழுக்கக் காற்று அறையில் பரவுவதற்கு முன் ஏசி அதன் ஈரத்தை வடித்துவிடும். வெளி வாயில் நெருக்கமான கம்பி வலை கட்டாயம். பல்லிக்கு இதைவிடச் சொகுசான வீடு கிடைக்காது.

1989-இல் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கியபோது அது அதிசயம். இன்று தெருவுக்கு ஒருவர் படுக்கையறையில் மைக் வைத்திருக்கிறார். மைக்குக்கு அறுபதாயிரம் கொடுக்கிறார்கள். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள்; அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மழுப்புமே தவிர, தெருச் சத்தத்தை ஒரு பொட்டும் நிறுத்தாது. சுவாசிக்கிற ஆளைப் பற்றிய நினைப்பு எல்லாம் பூசி முடித்த பிறகுதான் வருகிறது. ஸ்டுடியோவை மட்டும் சொல்வானேன்? ஜன்னலைச் சாத்தி நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து, “ஏசி வகுப்பறை” என்று போர்டு மாட்டுகிற இடங்களிலும் இதே கதைதான். அங்கே பிள்ளை தூங்கினால் திட்டு விழுகிறது.

நண்பரின் அறையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, காற்று வெளியேறும் பெட்டியின் வாயருகே பிடித்தேன். புகை நேராக எழுந்து, ஒரு சாண் உயரத்தில் தயங்கி, பிறகு மெல்லத் தலை சாய்த்து உள்ளே போனது. ஹெட்ஃபோனில் கெயினை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். என் சட்டைக்கை உரசுகிற சத்தம்தான் கேட்டது.

கடிதம் எழுதிய தம்பிக்கு இன்னொன்று. பெட்டி வைத்தாலும் அம்மா கூப்பிடுவது கேட்காது. மைக்குக்கு எதிரே ஒரு சின்ன சிவப்பு விளக்கும், வெளியே அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் அதற்கு ஒரு சுவிட்சும் போட்டுவிடுங்கள்.