குற்றமே இல்லை... ஆனாலும் ஆபீஸ் தேடி வந்த போலீஸ்!

ட்விட்டரில் எழுதியதற்காக, வேலை பார்க்கும் இடத்துக்கே போலீஸ் தேடி வந்தால்? இங்கிலாந்தின் ஹாரி மில்லருக்கு 2019 ஜனவரியில் அதுதான் நடந்தது. இத்தனைக்கும் அவர் முன்னாள் போலீஸ்காரர்!

பாலின அங்கீகாரச் சட்டத்தில் கொண்டுவர நினைத்த மாற்றங்களை எதிர்த்து அவர் எழுதியவை, திருநர்களைப் புண்படுத்துவதாகப் புகார். ஹம்பர்சைடு போலீஸ்காரர் ஒருவர் நேரில் போனார்; மில்லர் அங்கே இல்லை. பிறகு போனில் பேச்சு. குற்றமில்லை, ஆனால் தொடர்ந்தால் வழக்கு வரலாம் என்கிற தொனி. பதிவேட்டிலும் ஏறியது, 'குற்றமல்லாத வெறுப்புச் சம்பவம்' என்று! சில வேலைகளுக்கான பின்னணிச் சோதனையில் இது தலைகாட்ட வாய்ப்பு இருந்தது. தீர்ப்பே இல்லாத தண்டனை மாதிரிதான்.

இப்படிப் பதியும் வழக்கத்தின் தொடக்கம் நல்ல நோக்கம்தான். கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலையில் போலீஸ் சொதப்பியதை விசாரித்த 1999 அறிக்கையின் விளைவு அது. பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேளுங்கள் என்றார்கள். கேட்டதோடு நிறுத்தவில்லை போலீஸ்.

2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி ஜூலியன் நோல்ஸ், கெஸ்டபோ, ஸ்டாசியையெல்லாம் நினைவூட்டி, போலீஸின் செயல் சட்டவிரோதம் என்றார். 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வழிகாட்டு விதிகளே கருத்துரிமைக்கு எதிரானவை என்றது. 2023-ல் வந்த புதிய விதிகள், பெரிய பாதிப்போ குற்றமோ நேரும் உண்மையான ஆபத்து இருந்தால் மட்டுமே ஒருவரின் பெயரைப் பதியலாம் என்றன.