உங்களுக்குத் தெரியுமா? மாடல் ரயிலுக்குத் திரும்பினால் எந்த அளவு?

● காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ரயில். வடக்கே பொறையார் வழியாக மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதை: 1926-இல் வந்தது, 1986-இல் நின்றது. தெற்கே பேரளம் - காரைக்கால் பாதை: பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1898-இல் வந்தது, 1987-இல் நின்றது. இரண்டுமே மீட்டர் கேஜ். அந்தப் பக்கம் வளர்ந்து, ஐம்பதைத் தாண்டியபின் பரணிலிருந்து பழைய ரயில் செட்டை இறக்குகிறவர் மனசில் ஓடுவது அந்தச் சின்ன வண்டிதான். கடையில் தொங்குவது வேறு.

● கடைகளில் அதிகம் கிடைப்பது எச்.ஓ. அளவு. அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 1435 மி.மீ. வரும். அது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு கேஜ். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3. ஆக, எச்.ஓ. தண்டவாளத்தில் ஓடும் நம்மூர் எஞ்சின் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 3 மி.மீ. ஒடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்க்கிறவருக்குத் தெரியும். அப்படிப் பார்க்கிறவர்தான் இந்தப் பொழுதுபோக்குக்கே வருகிறார்!

● ஆனால் அதே 16.5 மி.மீ. தண்டவாளம் நம் பிராட் கேஜுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஓர் அளவு உண்டு. அசலின் 1 அடிக்கு மாடலில் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராட் கேஜ் ஐந்தரை அடி. ஐந்தரை மூணு பதினாறரை. கணக்கு சுத்தம். இங்கிலாந்தின் டிரையாங் கம்பெனி 1957-இல் இந்த 3 மி.மீ. அளவில் ரயில் விட்டது, ஆனால் 12 மி.மீ. தண்டவாளத்தில். இந்திய வண்டி வேண்டுமென்றால் கூட்டை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். இலங்கையும் இதே ஐந்தரை அடிதான்; யாழ்தேவி ரயிலைச் செய்ய நினைப்பவருக்கும் இந்தக் கணக்கே போதும்.

● மீட்டர் கேஜ் ஆசைக்கு வழி? எச்.ஓ.எம். என்று ஒரு பிரிவு இருக்கிறது. அளவு அதே 1:87, தண்டவாளம் மட்டும் 12 மி.மீ. ஜெர்மனியின் பெமோ நிறுவனம் சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களை இந்த அளவில் செய்கிறது. நம் ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ். அதன் பல்சக்கர எக்ஸ் வகை எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியதும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் பட்டறைதான். தரங்கம்பாடி வண்டியைச் செய்யப்போகிறவருக்கு என் ஓட்டு இந்த 12 மி.மீ.க்குத்தான். தண்டவாளம் வாங்கலாம், ஒய்.பி. நீராவி எஞ்சினைக் கையால் கட்ட வேண்டியிருக்கும். அதில்தான் ருசி.

● தோட்டம் இருக்கிறதா? 1968-இல் ஜெர்மனியில் வந்த எல்.ஜி.பி. ரயில்கள் 1:22.5 அளவு, 45 மி.மீ. தண்டவாளம். இதையும் பெருக்குங்கள்: 1012. கிட்டத்தட்ட மீட்டர் கேஜேதான்! வெயில் மழைக்கு அஞ்சாமல் கொல்லையில் மாமரத்தைச் சுற்றி ஓடும். வீட்டில் சம்மதம் வாங்குவது தனி வேலை.

● நம் பக்கத்து ரயில்வேயே கேஜ் விஷயத்தில் மனசு மாறியிருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து 1861-இல் தஞ்சாவூருக்குப் போட்ட பாதை முதலில் பிராட் கேஜ். 1870-களில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து மறுபடி பிராட் கேஜ். நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 2011-இல் வந்ததும் பிராட் கேஜ்தான்.

● வாங்குமுன் கூடத்தை அளந்துவிடுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் சுமார் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் அது 24 செ.மீ.க்குச் சற்று மேல். 1:160 என்ற ‘என்’ (N) அளவில் 13 செ.மீ. பத்துப் பெட்டி கோத்தால் எச்.ஓ.வில் எஞ்சின் இல்லாமலே இரண்டரை மீட்டர். போதாக்குறைக்கு, சில செட்டுகளோடு வரும் வளைவின் ஆரம் 36 செ.மீ.தான். இவ்வளவு நீளப் பெட்டி அந்த வளைவில் திரும்பும்போது மூலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று பெட்டியோடு நின்றுவிடும் கிளைப்பாதை வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

● இடம் குறைவென்று ‘என்’ (N) அளவுக்குப் போகிறவர் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குத் தடம் புரண்ட சக்கரத்தை ஏற்றி வைப்பது பெரும்பாடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலேயே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள்.

● பழைய செட் இங்கிலாந்திலிருந்து வந்ததா? அப்படியானால் அது அநேகமாக ஓ.ஓ., அதாவது 1:76. தண்டவாளம் எச்.ஓ.வுடையதேதான், வண்டி மட்டும் பெரிசு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் அசலிலேயே ஒல்லி; 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் கூட்டைப் பெரிதாக்கிவிட்டார்கள். இரண்டு அளவும் ஒரே பாதையில் ஓடும். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் வித்தியாசம் கண்ணை உறுத்தும்.

● கடற்காற்று வீசும் ஊரில் பழைய இரும்புத் தண்டவாளம் துருவேறித்தான் கிடக்கும். புதிதாக வாங்குவதென்றால் நிக்கல் சில்வர். பழைய 12 வோல்ட் எஞ்சினை இன்றைய டிஜிட்டல் கட்டுப்பாடு ஓடும் பாதையில் அப்படியே வைத்துவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே ரீங்காரமிட்டுச் சூடாகி மோட்டார் கருகலாம். டீகோடர் பொருத்திவிட்டு வையுங்கள், இல்லையென்றால் பழைய டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஓட்டுங்கள்.