தாத்தா வாட்சுக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம்!

சுவாமிமலை ஸ்தபதிகள், காவிரி வண்டல் மண்ணில் செய்த அச்சை உடைத்துத்தான் ஐம்பொன் சிலையை வெளியே எடுப்பார்கள். அதனால் ஒரு சிலைபோல இன்னொன்று இருக்காது. ஆலையில் ஆயிரக்கணக்கில் தயாராகும் கைக்கடிகாரமோ, ஒருவர் கையில் பல வருடம் இருந்த பிறகுதான் தனி அடையாளம் பெறுகிறது.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா, ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள 'குரோனோகிராஃப்' ரகம். 2017-ல் நியூயார்க் ஏலத்தில் அது 1.77 கோடி டாலருக்கு விலைபோனது. பின்மூடியில் மனைவி பொறித்துத் தந்த வாசகம் அழியாமல் இருந்தது.

நம் வீட்டு பீரோவில் ஹெச்.எம்.டி. ஜனதா இருக்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய கடிகாரத் தொழில் அது. ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

அந்த வாட்ச் கிடைத்தால்...

* டயலுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறையும்.

* பாலிஷ் போடாதீர்கள். கேஸின் விளிம்பு மழுங்கிவிடும்.

* உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். சர்வீஸ் செய்த பிறகே சாவி கொடுங்கள்.

* பழைய வாட்ச் வாங்கும்போது டயல் புத்தம்புதிதாக மின்னினால், எழுத்துகள் கோணலாக இருந்தால் உஷார்!

* யார் கட்டியது, எப்போது வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி, பழைய ரசீதோடு பெட்டியில் வையுங்கள். விவரம் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.