பட்டா நிலத்தின் வழியே ஒரு பாதுகாப்பு வழித்தடம்: கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

கோடியக்கரை சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் சதுப்பு நிலமும் சேர்ந்து 2002-இல் ராம்சர் ஈரநிலம் என்ற உலக அங்கீகாரத்தைப் பெற்றன. வரைபடத்தில் ஒரே பரப்பாகத் தெரியும் இதன் ஓரங்களில் உப்பளம், இறால் குட்டை, சவுக்குத் தோப்பு, உவர் ஏறிய தரிசு என்று பலரும் பிழைக்கும் நிலங்கள் இருக்கின்றன. தமிழகத்தின் 14 கடலோர மாவட்டங்களில் பல இடங்களில் இதுதான் நிலைமை: காப்புக்காடு ஒரு துண்டு, கழிமுகம் ஒரு துண்டு, நடுவில் யாரோ ஒருவரின் பட்டா. இந்தத் துண்டுகளை இணைக்கும் முயற்சியைத்தான் பாதுகாப்பு வழித்தடம் என்கிறோம். இதில் நிலம் கைமாற வேண்டியதில்லை. மணல்மேட்டை வெட்டுவதில்லை, ஓடையை அடைப்பதில்லை, அலையாத்தி முளைத்தால் பிடுங்குவதில்லை என்று நிலத்துக்காரர் ஒப்புக்கொள்கிறார். ஈடாக அவருக்கு ஒரு வருவாய் வருகிறது. இப்படி ஒரு வழித்தடம் நிலைப்பது நிலத்துக்காரரை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தடைகளைச் சுமக்க வேண்டியவராக மட்டும் அவரைப் பார்த்தால் அது காகிதத்தோடு நின்றுவிடும். பணமும் பொறுப்பும் காலக்கெடுவும் எழுதிய ஒப்பந்தத்தில் அவர் சமமான தரப்பாக இருந்தால் மட்டுமே அது ஊருக்கு உதவும். அந்த இடத்தைப் பெற, தன் உரிமை எதுவரை என்பதை அவர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு மிகைப்படுத்தாத பதில் வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வுகள், மரங்கள் அடர்ந்த பகுதிகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கூறின. அந்தக் கணக்குகளில் ஒன்றை மீண்டும் ஆராய்ந்த வேறு அறிவியலாளர்களோ, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதி காரணம் என்றார்கள். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளோடு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் முறித்துப் போட்டது. ஆகவே, மரம் வைத்தால் புயலே வராது என்பது போலப் பேசும் திட்டக்காரரை நம்ப வேண்டாம். நாள்தோறும் கிடைக்கும் நன்மைகள்தான் பெரியவை. கடலோர மணல்மேடு மழைநீரை உறிஞ்சி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் நன்னீரைத் தேக்கி வைக்கிறது. மேட்டை வெட்டி விற்ற ஊரில் கிணறு கரிக்கத் தொடங்கும். அலையாத்தி வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் பல மீன்களும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. ஓடை திறந்திருந்தால் மழை வெள்ளம் வயலில் நிற்காமல் வடியும். குடிநீர், மீன்பிடி, வேளாண்மை மூன்றும் இப்படித் தனியார் நிலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

சிக்கல் என்னவென்றால், இந்த நன்மையைத் தருபவருக்கு நம் சட்டத்தில் பலன் இல்லை. சில வேளைகளில் இழப்புதான். 2019 ஜனவரியில் வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையாத்தி உள்ள இடத்தை மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் வகுப்பில் வைக்கிறது. 1,000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் இடைவெளியையும் அதே வகுப்பில் சேர்க்கிறது. தனியார் நிலத்து அலையாத்திக்கு மட்டும் இந்த இடைவெளி விதி இல்லை. கேரளத்தில் அலையாத்தியின் பெரும்பகுதி தனியார் கையில் இருப்பதால் இந்த விலக்கு அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. சுமை குறைந்தது உண்மைதான். ஆனால் செடியை வளரவிட்டவருக்கு ஒரு ரூபாய் வருமானமும் அதனால் வந்துவிடவில்லை. செடி முளைத்தால் நிலத்தின் மதிப்பு விழும் என்று தெரிந்த உரிமையாளர், அது நாற்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கு அப்படிப் போடப்பட்டிருக்கிறது.

அதே வேளையில் ஊர்களில் உலவும் ஒரு பயத்தையும் நீக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வந்துவிட்டதால் நிலம் அரசுக்குப் போய்விடாது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், பயிர் வைக்கலாம், தோப்பு போடலாம். கட்டுப்பாடு பயன்பாட்டின் மேல்தான். ஊரகப் பகுதியில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடமென்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானம் தடுக்கப்பட்ட பகுதி. உங்கள் புல எண் எதில் வருகிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால், வீடு கட்ட முடியாத இடத்தில் வீடு கட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, கொடுக்க எதுவுமில்லாத ஒன்றை விற்றதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அல்லது உண்மையிலேயே மதிப்புள்ள ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிடுவீர்கள்.

நிலத்துக்காரர் முன் வரும் வாய்ப்புகளில் சட்ட வலிமை கூடியது சமுதாயக் காப்பகம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவின்படி, தனிநபரோ சமுதாயமோ தானாக முன்வந்தால் மட்டுமே அந்த நிலத்தை மாநில அரசு இப்படி அறிவிக்க முடியும். கேரளத்தின் கடலுண்டி–வள்ளிக்குந்நு கழிமுகம் 2007-இல் இவ்வகையில் அறிவிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் அதுவே முதலாவது. 2022 சட்டத்திருத்தத்துக்குப் பின், தனியார் நிலத்தில் அமையும் காப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் உரிமையாளருக்கு இடம் உண்டு. ஆனால் அறிவிக்கை வெளிவந்த பிறகு, குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ நிலத்தை மனையாக்கி விற்கும் வழி அன்றோடு அடைபடும். அந்த வாசலை மூடுவதற்குச் சட்டம் பணம் எதையும் உறுதி செய்யவில்லை. ஆகவே ஆண்டுத் தொகை, வேலை வாய்ப்பு, சுற்றுலா வருவாயில் பங்கு ஆகியவற்றைத் தனி ஒப்பந்தமாக எழுதி வாங்கிய பிறகே விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் போன பிறகு பேரம் பேச இடமில்லை.

அடுத்தது குத்தகை. இதில் தஞ்சைக் கடலோரத்துக்குக் கசப்பான அனுபவம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகளுக்காக நெல் வயல்கள் விலைக்கும் குத்தகைக்கும் போயின. சில ஆண்டுகளில் வைரஸ் நோய் தாக்கிப் பல பண்ணைகள் மூடப்பட்டன. உப்பேறிய மண் ஊரிலேயே தங்கிவிட்டது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. ஆனாலும் மண்ணை மீட்டுத் தரும் கடமை குத்தகைப் பத்திரத்தில் எழுதப்படாத இடங்களில் தீர்ப்பு மட்டும் வயலைத் திருப்பித் தந்துவிடவில்லை. இன்று பசுமையின் பெயரால் வரும் குத்தகைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். காலம் முடிந்ததும் நிலம் எந்த நிலையில் திரும்ப வேண்டும், இடையில் நிறுவனம் கைவிட்டுப் போனால் வைப்புத்தொகை யாருக்கு என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். வேலையை எளிதாக்குகிறோம் என்று பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது புதிதாக வருவது கார்பன் ஒப்பந்தம். அலையாத்தி தன் சேற்றில் தேக்கும் கரிமத்தை அளந்து வரவாக்கி விற்கும் ஏற்பாடு இது. பல பத்தாண்டுகள் நீளக்கூடியது. வருவாயில் பாதி உங்களுக்கு என்பார்கள். மொத்த விற்பனையில் பாதியா, செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் பாதியா? புயலில் மரங்கள் விழுந்தால் இழப்பு யாருடையது? வாரிசுகள் தொடர விரும்பாவிட்டால் என்ன ஆகும்? தகராறு வந்தால் விசாரணை நாகப்பட்டினத்திலா, டெல்லியில் ஒரு நடுவர் முன்பா? இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாத ஒப்பந்தத்தில், முன்பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கையெழுத்திடக் கூடாது.

நிலத்துக்காரருக்கு எதற்குப் பணம், இயற்கையைக் காப்பது கடமைதானே என்று சிலர் கேட்பார்கள். கடமை எல்லோருக்கும் பொது. செலவை மட்டும் கரையில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் தலையில் வைப்பது நியாயமில்லை. கோஸ்டாரிகா 1996-இல் இயற்றிய வனச் சட்டம் காட்டை அழிப்பதைத் தடுத்தது. அதே சட்டம், காட்டை வைத்திருப்பவருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம் கொடுக்கவும் வழி செய்தது. தென்னாப்பிரிக்காவில் நிலத்துக்காரரோடு அரசு பல படிநிலைகளில் ஒப்பந்தம் செய்கிறது: எளிதில் விலகக்கூடிய உடன்பாடும் உண்டு, உரிமைப் பத்திரத்திலேயே பதிந்து அடுத்த தலைமுறையையும் கட்டுப்படுத்துவதும் உண்டு. 99 ஆண்டுகளுக்குக் குறையாமல் கட்டுப்படுபவருக்கு வரிச் சலுகை கிடைக்கிறது. தடை கூடக் கூட ஈடும் கூடுகிறது. நம்மிடம் இல்லாதது இந்த விகிதம்தான். 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய மிஷ்டி என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டம் கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திப் பரப்பை இலக்காக வைத்திருக்கிறது. நடுவதற்குப் பணம் ஒதுக்கும் அரசு, ஏற்கெனவே நிற்பதை வெட்டாமல் காப்பவருக்கும் ஒதுக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பட்டா இல்லாதவர் கதி என்ன? அந்தத் தரிசில் ஆடு மேய்ப்பவர், ஓடையில் கைகளால் துழாவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர், பனை ஏறுபவர், வலை உலர்த்தும் மீனவர் ஆகியோருக்கு அந்த நிலத்தில் காகிதம் இல்லை. பிழைப்பு மட்டும் இருக்கிறது. நிலத்துக்காரருக்குப் பணம் கிடைத்ததும் வேலி போடப்பட்டால், இழப்பு முழுவதும் இவர்களுக்குத்தான். இந்த ஆட்சேபம் முற்றிலும் சரியானது என்பதே என் கருத்து. ஒப்பந்தத்தை நிலத்துக்காரரும் நிறுவனமும் மட்டும் மூடிய அறையில் முடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். யார் எப்போது எந்த வழியில் நுழையலாம், எதை எடுக்கலாம் என்பது ஒப்பந்தத்தின் இணைப்பாக எழுதப்பட வேண்டும். நாற்றங்கால், ஓடை தூர்வாருதல், காவல் ஆகிய வேலைகளில் இவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். இது வெறும் தயவு அல்ல. அன்றாடம் அந்த ஓடையில் இறங்குபவர்கள் எதிராக நின்றால் எந்த வழித்தடமும் ஓராண்டுகூட நிலைக்காது.

பாதுகாப்பு என்ற பெயரில் நிலத்தைப் பறிப்பார்கள் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவின்படி, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்க முடியாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், அறிவிப்புப் பெறுவது, ஆட்சேபம் கேட்கப்படுவது, காரணம் கூறும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு உள்ளிட்ட ஏழு உரிமைகள் இந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்று விளக்கியது. சரணாலயமாக்கும் எண்ணத்தை அரசு அறிவித்தால், ஆட்சியரின் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உங்கள் உரிமையை எழுத்தில் கோர வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பிறகு வருந்துவோர் அதிகம்.

எங்கே முறையிடுவது என்பதில் பலருக்கும் குழப்பம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிமீறல் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும்; சேதத்துக்கு இழப்பீடும் மீட்பும் கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. சமுதாயக் காப்பக அறிவிக்கை மீதான வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகாது, ஏனெனில் வனவிலங்குச் சட்டம் அதன் அதிகார வரம்பில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றம். குத்தகையோ கார்பன் ஒப்பந்தமோ மீறப்பட்டால் உரிமையியல் நீதிமன்றம். இத்தனைக்கும் முன்பாக ஆவணம் சீராக இருக்க வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே நின்றால் வாரிசுச் சான்று பெற்று மாற்றுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மகள்கள் உட்படப் பங்குள்ள அனைவரும் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் பின்னாளில் செல்லாமல் போகக்கூடும். வில்லங்கச் சான்றும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு, வரைவு ஒப்பந்தத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பிறகு கிராம சபைக்குக் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடும் சபை அது. அங்கே வாசிக்கப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய நிபந்தனையை, பின்னால் வரும் அதிகாரியோ நிறுவனமோ தெரியாது என்று சொல்ல முடியாது.