இணைப்பு அறுந்ததா, அறுக்கப்பட்டதா? வலையமைப்பின் இரண்டு பதிவுகள் பற்றி

2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரம், கனடாவில் இலட்சக்கணக்கானவர்களின் இணையமும் கைத்தொலைபேசியும் செயலிழந்து கிடந்தன. அந்நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரொஜர்ஸின் வலையமைப்பு அதற்கு முதல் நாள், கனடாவில் அதிகாலை 5 மணிக்குச் சற்று முன்னர், நாடு முழுவதும் ஒரேயடியாக விழுந்திருந்தது. இலங்கையில் அப்போது பிற்பகல் 2.30 மணியளவு. 12 மில்லியனுக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அவசர உதவிக்கான 911 இலக்கத்துக்குப் பலரால் அழைப்பெடுக்க முடியவில்லை. வங்கி அட்டை மூலம் பணம் செலுத்தும் இன்டராக் சேவை நின்றது. ரொறன்ரோவில் அன்றிரவு நடக்கவிருந்த பாடகர் தி வீக்கெண்டின் இசை நிகழ்ச்சிகூடப் பிற்போடப்பட்டது. நிலைமை வழமைக்குத் திரும்ப ஏறத்தாழ 26 மணித்தியாலங்கள் சென்றன.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ரொறன்ரோவும் ஒன்று. வடக்கு கிழக்கில் அங்கே ஒரு உறவினராவது இல்லாத குடும்பங்கள் குறைவு. நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நாட்களில், ரொஜர்ஸ் இணைப்பு வைத்திருந்த வீடுகளுக்கு இங்கிருந்து எடுத்த அழைப்புகள் போய்ச் சேரவில்லை.

தொடர்பு அறுவது எங்களுக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் தொலைபேசி இணைப்பே இல்லாத ஊர்களிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். போருக்குப் பின்னரும், 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் அரசின் உத்தரவால் முடக்கப்பட்டன. அதனால்தான் இணையம் நின்றவுடன் எங்களிடமிருந்து எழும் முதல் கேள்வி, “பழுதா, அல்லது நிற்பாட்டினார்களா?” என்பதாக இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல முடியாது. வலையமைப்பை இயக்குபவர்களிடம் இரண்டு பதிவுகள் ஒழுங்காக இருந்தால், சில நிமிடங்களிலேயே பதில் சொல்லலாம். அவை என்ன பதிவுகள், அவற்றை ஏன் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள ரொஜர்ஸில் நடந்தது உதவும்.

ஒரு வடிகட்டி நீக்கப்பட்டபோது

ரொஜர்ஸ் தனது மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தின்போது சில ரவுட்டர்களின் அமைவிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. ரவுட்டர் என்பது சந்தியில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸ்காரரைப் போன்றது. எந்தத் தரவு எந்தப் பாதையால் போக வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. ‘கொன்பிகரேஷன்’ என்று தொழில்நுட்பத் துறையினர் சொல்லும் அமைவு, அந்தப் பொலிஸ்காரருக்கு எழுதிக் கொடுத்த கட்டளைப் பட்டியல். நீக்கப்பட்ட வடிகட்டியின் வேலை, மைய ரவுட்டர்களுக்குப் போகும் பாதைத் தகவல்களை அளவோடு அனுப்புவது. அது போனதும் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. தாங்கக்கூடிய அளவை மீறியதால் மைய ரவுட்டர்கள் செயலிழந்தன. கைத்தொலைபேசிச் சேவையும் வீட்டு இணையச் சேவையும் ஒரே மையத்தைப் பயன்படுத்தியதால் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்காகச் செய்யப்பட்ட சுயாதீன ஆய்வின் சுருக்கம் 2024இல் வெளியானது. இந்தத் தவறுதான் காரணம் என்று கண்டுபிடிக்க ரொஜர்ஸ் பொறியியலாளர்களுக்கு 14 மணித்தியாலங்கள் எடுத்ததாக அது கூறுகிறது. பழுதடைந்த கருவிகளுக்குள் நுழைவதற்கான வழியும் அதே பழுதடைந்த வலையமைப்பின் ஊடாகவே போனது. தனியான நிர்வாக வலையமைப்பு இருக்கவில்லை. பிழைப் பதிவுகளைப் பார்க்க முடியவில்லை. ஊழியர்களின் கைத்தொலைபேசிகளும் ரொஜர்ஸ் இணைப்பிலேயே இருந்ததால், அவர்களால் ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியவில்லை. போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்த பின்னரே பலர் தொடர்புக்கு வந்தார்கள்.

கண்ணும் நினைவும்

வலையமைப்பைக் கவனிக்கும் மென்பொருள் ஒரு கண். ஒவ்வொரு ரவுட்டரிடமும் சுவிட்சிடமும் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, “இயங்குகிறாயா? உன் வெப்பநிலை என்ன? இந்த இணைப்பில் எவ்வளவு தரவு போகிறது?” என்று அது கேட்கும். இந்தக் கேள்வி பதிலுக்கான எஸ்என்எம்பி என்ற பொதுவான முறை 1988இல் இருந்து இருக்கிறது. பதில் வராவிட்டால் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போகும். ஆனால், எது நின்றது, எப்போது நின்றது என்பதை மட்டுமே இந்தக் கண்ணால் சொல்ல முடியும். ஏன் நின்றது என்பதை அது பெரும்பாலும் அறியாது.

இரண்டாவது பதிவு நினைவு. ஒவ்வொரு கருவியின் கட்டளைப் பட்டியலையும் ஒரு மென்பொருள் குறித்த இடைவெளிகளில் தானாகவே படியெடுத்து வைக்கும். முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு, எந்த வரி புதிதாக வந்தது, எந்த வரி காணாமல் போனது என்று காட்டும். கருவி எரிந்துபோனால், புதிய கருவி ஒன்றில் பழைய அமைவை ஏற்றிச் சேவையை மீளத் தொடங்கலாம்.

இரண்டும் தனித்தனியாக இருந்தால் பயன் பாதிதான். ஓர் உதாரணத்துக்கு, பல கிளைகள் கொண்ட கூட்டுறவுச் சங்கமொன்றை எடுத்துக்கொள்வோம். முற்பகல் 10.12க்கு ஒரு கிளையின் இணைப்பு விழுகிறது. கண் மட்டும் இருந்தால், கேபிள் அறுந்ததா, மின்தடையா, சேவை வழங்குநரின் பக்கம் பிரச்சினையா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். நினைவும் அதனோடு இணைந்திருந்தால், அதே திரையில் இன்னொரு வரியும் தெரியும்: 10.09க்கு அந்தக் கிளையின் ரவுட்டரில் இரண்டு வரிகள் மாற்றப்பட்டன, மாற்றியது இந்தப் பயனர் கணக்கு. மூன்று நிமிட இடைவெளியே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது. எந்த மாற்றமும் பதிவாகவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். தேடலை அலுவலகத்துக்கு வெளியே கொண்டுபோகலாம்.

இதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. கவனிப்பதற்கு லிப்ரேஎன்எம்எஸ், அமைவுகளைப் படியெடுப்பதற்கு ஒக்சிடைஸ்ட் ஆகிய இரண்டும் இலவசத் திறந்த மூல மென்பொருட்கள். முதலாவது வழமையாக ஐந்து நிமிடங்களுக்கு ஒரு தடவை கருவிகளைக் கேட்கும். இரண்டாவது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அமைவைப் படியெடுக்கும். கருவிகளின் பட்டியலை முதலாவதிடமிருந்தே இரண்டாவது பெற்றுக்கொள்ளும்படி செய்யலாம். அப்படிச் செய்தால், புதிய கருவியொன்றைக் கவனிப்புப் பட்டியலில் சேர்க்கும்போதே அதன் பிரதியெடுப்பும் தொடங்கிவிடும். யாராவது அமைவை மாற்றினால், அந்தக் கருவி அனுப்பும் அறிவித்தலைக் கொண்டு உடனடியாகவே புதிய பிரதி எடுக்கவும் வைக்கலாம்.

விதி மீறப்பட்டதா என்று யார் பார்ப்பது?

மூன்றாவதாக விதிச் சோதனை வருகிறது. பிரதிகள் கையில் இருந்தால், அவற்றை நிறுவனத்தின் விதிகளோடு தானாகவே ஒப்பிடலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல் இன்னும் மாற்றப்படாமல் இருக்கிறதா? கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் திறந்து கிடக்கிறதா? கருவியின் கடிகாரம் சரியா? கடிகாரம் பிழைத்தால் மேலே சொன்ன 10.09க்கும் 10.12க்கும் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

“இந்த ரவுட்டர்களில் இந்த வடிகட்டி எப்போதும் இருக்க வேண்டும்” என்பதும் இத்தகைய ஒரு விதிதான். ஆனால் ரொஜர்ஸ் போன்ற வலையமைப்பில், நீக்கிய பின்னர் பார்க்கும் சோதனை காலம் கடந்ததாகிவிடும். மாற்றம் கருவிக்குள் போவதற்கு முன்னர் அது நடக்க வேண்டும். அங்கே முன்கூட்டியே அபாயத்தை மதிப்பிடும் ஒரு முறை இருந்தது. முந்தைய கட்டங்கள் சிக்கலின்றி முடிந்ததால், அபாய மட்டத்தை ‘உயர்’ என்பதிலிருந்து ‘குறைவு’ என்று அந்த முறையின் கணிப்பு இறக்கிவிட்டது. அதனால் கடுமையான பரிசீலனை இல்லாமலேயே ஆறாவது கட்டம் நடந்தது.

சோதனைக் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பை முழுமையாகத் துண்டித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனைக் கருவி அங்கே இருந்தது. அதில் இருந்த வழுவால் அது தடுக்கவில்லை என்று நிறுவனமே பின்னர் விளக்கியது.

பிரதி எங்கே இருக்கிறது?

இலங்கைக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச மேகக் கணினி வசதி கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்று வரையான தரவுகளை மீட்கவே முடியவில்லை. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. இது மின்னஞ்சல் தொடர்பான சம்பவம், ரவுட்டர் அமைவு தொடர்பானதல்ல. ஆனால் விதி ஒன்றுதான்: காப்புப் பிரதி, எதைக் காக்கிறதோ அதனோடு சேர்ந்து அழியக்கூடிய இடத்தில் இருக்கக் கூடாது. கவனிக்கும் கண்ணுக்கும் வேறு வழி வேண்டும். தனியான ஒரு கைத்தொலைபேசி இணைப்பின் ஊடாகவாவது எச்சரிக்கை வெளியே போக வேண்டும்.

மின்வெட்டும் இங்கே ஒரு காரணி. சிஸ்கோ உட்படப் பல நிறுவனங்களின் கருவிகளில், தற்போது இயங்கும் அமைவும் மீளத் தொடங்கும்போது வாசிக்கப்படும் அமைவும் தனித்தனியானவை. மாற்றத்தைச் செய்தவர் சேமிக்க மறந்திருந்தால், மின்சாரம் போய் வந்தவுடன் அந்த மாற்றம் காணாமல் போய்விடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருளில் மூழ்கியது. இத்தகைய நாளொன்றின் பின்னர் அலுவலக இணையம் ‘தானாகவே’ பழுதானால், இந்த மறதியும் காரணமாக இருக்கலாம். நேற்றைய பிரதியும் இன்றைய பிரதியும் அதை உடனே காட்டிவிடும்.

கண்காணிப்பு என்ற சொல்

எங்கள் ஊர்களில் ‘கண்காணிப்பு’ என்றதும் ரவுட்டர் நினைவுக்கு வராது. நினைவேந்தலுக்குப் போனவர்களின் விபரம் கேட்டு வீட்டுக்கு வருபவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆகவே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருவி நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. அந்தக் கருவியின் ஊடாக யார் யாரோடு தொடர்புகொண்டார்கள் என்று பதிவது வேறு. பல கருவிகளில் நெட்புளோ போன்ற வசதிகள் உண்டு. எந்த முகவரி எந்த முகவரியோடு, எப்போது, எவ்வளவு தரவு பரிமாறியது என்பதை அவை சேகரிக்கும். பெரிய வலையமைப்புகளில் தாக்குதல்களைக் கண்டுபிடிக்க அது தேவைப்படலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்புக்கோ, ஒரு பிராந்தியச் செய்தி அறைக்கோ, அந்தப் பதிவே நாளை சாட்சிகளைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலாக மாறக்கூடும். தேவையில்லாவிட்டால் அதை இயக்காமல் விடுவதே நல்லது.

அமைவுப் பிரதிகளும் ஆபத்தற்றவை அல்ல. கடவுச்சொற்கள், இரகசியச் சாவிகள், வெளியிலிருந்து உள்ளே வருபவர்களுக்கான வழிகள் எல்லாம் அவற்றில் இருக்கும். அவற்றைக் குறியாக்கம் செய்து, ஓரிருவர் மட்டும் திறக்கக்கூடியதாக வைக்க வேண்டும். யார் திறந்தார்கள் என்பதும் பதிவாக வேண்டும்.

பத்துக் கருவிகள் மட்டுமே உள்ள அலுவலகம் எங்கிருந்து தொடங்கலாம்? முதலில், என்னென்ன கருவிகள் இருக்கின்றன, அவற்றின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல். ஒரேயொரு தம்பிக்கு மட்டும் எல்லாம் தெரியும், அவர் வெளிநாடு போய்விட்டார் என்ற நிலைமை எத்தனையோ அலுவலகங்களில் இருக்கிறது. இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால், யார் மாற்றினார் என்ற கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இருக்காது. மூன்றாவது, மேலே சொன்ன இரண்டு மென்பொருட்களும், அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதியும். நான்காவது, வருடத்துக்கு ஒரு தடவையாவது பழைய பிரதியொன்றை வேறொரு கருவியில் ஏற்றிப் பார்ப்பது. மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பி இருக்க முடியாது.

பெரிய நிறுவனங்களிடமும் இதே பதிவுகளைக் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்க வேண்டும். ரொஜர்ஸ் விழுந்தபின், கனடாவின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. சுயாதீன ஆய்வு செய்வித்து அதன் சுருக்கத்தையும் வெளியிட்டது. அதனால்தான் ஒரு வடிகட்டியின் கதை இன்று எங்களுக்குத் தெரிகிறது. இலங்கையிலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதனிடம் கேள்வி கேட்கலாம். அடுத்த தடவை எங்கள் மாவட்டத்தில் இணைப்பு நீண்ட நேரம் நின்றால், எத்தனை மணிக்கு நின்றது, அதற்குச் சற்று முன்னர் எந்த அமைவு யாருடைய உத்தரவில் மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேட்போம்.