வலையில் வந்த தாடை

தைவானுக்கும் பெங்கு தீவுகளுக்கும் நடுவே உள்ள கடலில் மீனவர்கள் இழுத்த வலையில் ஒரு மனிதக் கீழ்த்தாடை சிக்கியது. பழம்பொருள் கடை வழியாகக் கைமாறி அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. தடித்த எலும்பு, மோவாயே இல்லை, கடைவாய்ப் பற்கள் நம்முடையதைவிட மிகப் பெரியவை. 2015இல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, அது எந்த மனித இனம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2025இல்தான் எலும்பிலும் பல்லின் எனாமலிலும் எஞ்சியிருந்த புரதங்களை வைத்து, அது ஒரு டெனிசோவன் ஆணுடையது என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, டெனிசோவன்கள் வாழ்ந்த இடங்களைக் காட்டும் வரைபடத்தில் இந்த மனிதனை எங்கே வைப்பது, எந்தக் காலத்தில் வைப்பது? மண்ணடுக்கோடு தோண்டி எடுத்த எலும்பு என்றால் அடுக்கே காலத்தைச் சொல்லிவிடும். வலை வாரி வந்ததற்கு அந்த வழி கிடையாது. கடல்மட்டம் தாழ்ந்து அந்த இடம் தரையாக இருந்த காலங்களைக் கணக்கிட்டு இரண்டு விடை சொல்கிறார்கள்: 10,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன்பு, அல்லது 1,30,000 முதல் 1,90,000 ஆண்டுகளுக்கு முன்பு. புள்ளி ஒன்றுதான், அதற்குள் எத்தனை ஆயிரம் தலைமுறை!

டெனிசோவன்கள் என்றொரு இனம் இருந்ததே 2010இல்தான் தெரிந்தது, சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறுமியின் விரல் எலும்புத் துணுக்கிலிருந்து. அடுத்தது திபெத்தியப் பீடபூமியில் 3,280 மீட்டர் உயரத்திலுள்ள பைஷியா குகை. அங்கே 1980இல் ஒரு துறவி ஒரு தாடையைக் கண்டெடுத்தார். அது டெனிசோவனுடையது என்று 2019இல் தெரிந்தது. இரண்டுமே குளிர்ந்த இடங்கள். அதை வைத்து அவர்களைக் குளிர்நாட்டு மனிதர்கள் என்று எழுதிவிடக் கூடாது. குளிரில் டி.என்.ஏ. நீடிக்கும், வெப்பமும் ஈரமும் அதைச் சிதைத்துவிடும். வரைபடத்தில் நாம் பார்ப்பது அவர்கள் வாழ்ந்த இடங்களை அல்ல, எலும்பு தாங்கிய இடங்களை. வெப்பநாடான லாவோஸின் ஒரு குகையில் கிடைத்த கடைவாய்ப்பல்லும் அவர்களுடையதாக இருக்கலாம் என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது.

பப்புவா நியூகினி மக்களின் மரபணுவில் சுமார் 3 முதல் 5 விழுக்காடு டெனிசோவன் பங்கு. நியூகினித் தீவிலோ ஒரு டெனிசோவன் எலும்பும் கிடைத்ததில்லை. இரு இனமும் கலந்தது உறுதி. எங்கே கலந்தது என்பதை மரபணு சொல்லாது. மனிதர்கள் நடந்துகொண்டே இருந்தவர்கள்.

அதனால்தான் ஆசியா முழுவதையும் ஒரே வண்ணத்தில் அடித்துவிடும் படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. எலும்பு கிடைத்த இடத்துக்கு ஒரு நிறம், மரபணுவை வைத்து ஊகிக்கும் இடத்துக்கு வெறும் கோடுகள், யாரும் தேடாத இடத்துக்கு வெள்ளை என்று பிரித்துக் காட்டுவதே நேர்மை.

நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டியெடுத்த கற்கருவிகளில் ஒரு தொகுதிக்கு வயது ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகள். செதுக்கிய சில்லுகள் கைநிறைய இருக்கின்றன. செதுக்கியவரின் ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை. அங்கே நான் கல்லை மட்டும் குறிப்பேன். இனத்தின் பெயரை எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கட்டும்.